கீறல் விழுந்த கல்யாண விசிடி, போட்டோ சிடி: முதலில் பாலிஷா, காப்பியா?

கூடல்நகர்:

வணக்கம். கையில் இரண்டு சிடி. இரண்டுமே ஸ்டுடியோவில் எழுதிக் கொடுத்த சிடி-ஆர்.

ஒன்று, 2005இல் எடுத்த கல்யாண விசிடி. மேல்பக்கம் முழுக்கக் காகித ஸ்டிக்கர். ஓடும் நேரம் 58 நிமிடம். பிளேயரில் போட்டால் 23ஆம் நிமிடத்தில் படம் கட்டம் கட்டமாகச் சிதறி அப்படியே நின்றுவிடுகிறது. கம்ப்யூட்டரில் எம்பெக்ஏவி ஃபோல்டருக்குள் ஒரே ஒரு டேட் ஃபைல், 585 எம்பி. காப்பி போட்டால் 40 சதவீதம் வாக்கில் ‘சைக்ளிக் ரிடன்டன்சி செக்’ என்று பிழை காட்டி விட்டுவிடுகிறது. அடிப்பக்கத்தில் வட்டத்தின் ஓட்டத்திலேயே ஒரு நீளக் கீறல் இருக்கிறது. நகத்தை ஓட்டினால் லேசாகத் தட்டுகிறது.

இரண்டாவது, அதே கல்யாணத்தின் போட்டோ சிடி. 700 எம்பி வகை, ஸ்டிக்கர் கிடையாது, மார்க்கரில் பெயர் மட்டும். டிரைவ் அரை நிமிடம் உறுமிவிட்டு சிடி காலி என்கிறது. நடு ஓட்டையை ஒட்டிய பகுதியில் மெல்லிய வட்டக் கீறல்கள் நிறைய.

லேப்டாப்பில் விண்டோஸ், யூஎஸ்பியில் மாட்டும் ஸ்லிம் டிவிடி ரைட்டர். விசாரித்தால் ஒருவர் பேஸ்ட் என்கிறார், ஒருவர் தேங்காய் எண்ணெய் என்கிறார், இன்னொருவர் நெயில் பாலிஷ் ரிமூவர் என்கிறார். முதலில் பாலிஷ் போடவா, இல்லை சாஃப்ட்வேரில் முயலவா? எந்த வரிசையில் போவது?

---

பழுதுபெட்டி:

பாலிஷ் கடைசி. முதலில் சுத்தம், அடுத்து டிரைவை மாற்றுவது, அடுத்து சாஃப்ட்வேர். இவ்வளவும் செய்த பிறகும் மிச்சம் இருந்தால்தான் தேய்ப்பு. ஒருமுறை தேய்த்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப வழி இல்லை என்பதுதான் காரணம். நெயில் பாலிஷ் ரிமூவரைக் கிட்டவே கொண்டு வராதீர்கள். அதில் இருக்கும் அசிட்டோன், சிடியின் பிளாஸ்டிக்கான பாலிகார்பனேட்டைக் கரைத்து நொடியில் வெள்ளை பூக்க வைத்துவிடும். தின்னர், பெட்ரோல் இரண்டும் அதே ரகம்.

எந்தக் கீறல் எவ்வளவு கெடுக்கும் என்று தெரிந்தால் வேலை சுலபம். சிடியின் தடிமன் 1.2 மில்லிமீட்டர். அது ஏறக்குறைய முழுவதும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்தான். தரவு இருப்பது மேல்பக்கம், லேபிளுக்கு நேர் கீழே, மைக்ரான் கணக்கில் மெல்லிய அரக்குப் பூச்சின் அடியில். லேசர் அடிப்பக்கத்தில் நுழையும்போது கிட்டத்தட்ட 0.8 மில்லிமீட்டர் அகலத்தில் இருக்கிறது. பிளாஸ்டிக்கைக் கடந்து தரவை அடையும்போது 2 மைக்ரானுக்கும் கீழே குவிகிறது. எனவே அடிப்பக்கத்து மெல்லிய கீறல் லேசரின் பார்வைக்கு மங்கலாகத்தான் தெரியும். மேல்பக்கத்துக் கீறல் அப்படி இல்லை. அது பளபளக்கும் உலோகப் பூச்சையே சுரண்டி எடுத்துவிடும். அங்கே இருந்த தரவு போனது போனதுதான், எந்த பாலிஷும் உதவாது.

அடுத்தது கீறலின் திசை. சிடியில் எழுதும்போதே பிழை திருத்தக் கூடுதல் பைட்டுகளைச் சேர்த்து, வரிசையைக் கலைத்துப் பரப்பித்தான் எழுதுகிறார்கள். அதனால் தொடர்ச்சியாக ஏறத்தாழ 4,000 பிட் வரை, அதாவது தடத்தில் (தரவு வரிசையாக எழுதப்பட்டிருக்கும் சுருள் கோட்டில்) 2.5 மில்லிமீட்டர் நீளம் வரை அழிந்தாலும் டிரைவ் தானே கணக்குப் போட்டு மீட்டுவிடும். நடுவிலிருந்து விளிம்பு நோக்கிப் போகும் கீறல் ஒவ்வொரு தடத்தையும் ஒரு முடி அகலத்துக்கு மட்டும் வெட்டுகிறது. அப்படிப் பத்து இருந்தாலும் கவலை இல்லை. உங்கள் இரண்டு சிடியிலும் இருப்பது தடத்தோடு சேர்ந்தே ஓடும் வட்டக் கீறல். இருப்பதிலேயே மோசமானது அதுதான். தரவு போவதோடு, டிரைவ் தடத்தைப் பிடித்துக்கொண்டு போகவும் முடியாமல் வழுக்கும்.

இப்போது ஒரு ஸ்கேல் எடுங்கள். தரவு மையத்திலிருந்து 25 மில்லிமீட்டரில் தொடங்கி 58 மில்லிமீட்டரில் முடிகிறது, உள்ளிருந்து வெளியே. 80 நிமிட சிடியில் 23ஆம் நிமிடம் என்றால் பரப்பளவில் 29 சதவீதம். கணக்குப் போட்டால் மையத்திலிருந்து சுமார் 38 மில்லிமீட்டர், நடு ஓட்டையின் விளிம்பிலிருந்து அளந்தால் 30. நீங்கள் சொல்லும் நீளக் கீறல் அந்த இடத்தில்தான் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் குற்றவாளி அதுதான். அங்கே ஒன்றுமே இல்லை என்றால் பழுது மேல்பக்கத்தில், ஸ்டிக்கருக்கு அடியில் இருக்கிறது.

போட்டோ சிடியில் ஸ்டிக்கர் இல்லையே, அதை இருட்டில் டார்ச்சுக்கு எதிரே பிடியுங்கள். ஊசித் துளைபோல் வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் அங்கெல்லாம் பூச்சு போய்விட்டது.

சுத்தம் செய்வது: போட்டோ சிடியைக் குழாய்த் தண்ணீரில் காட்டி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு, விரல் நுனியால் மெதுவாக, நடுவிலிருந்து விளிம்பு நோக்கி. கழுவி மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். மழைக்காலத்தில் உறையோடு ஒட்டிப் பூசணம் பிடித்த சிடிகள் பல இதிலேயே சரியாகிவிடும். விசிடியைத் தண்ணீரில் முக்காதீர்கள், ஸ்டிக்கர் ஊறி உப்பிவிடும். மொபைல் சர்வீஸ் கடைகளில் கிடைக்கும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து அடிப்பக்கத்தை மட்டும் துடையுங்கள்.

ஸ்டிக்கரைப் பிய்க்கும் ஆசை வரும். கூடவே கூடாது. பசையோடு அரக்கும் உலோகப் பூச்சும் சேர்ந்து உரிந்து வரும். அதற்குப் பிறகு கையில் மிஞ்சுவது வெறும் பிளாஸ்டிக் தட்டு.

---

செக்டர்16:

மேலே சொன்னது எல்லாம் சரி. டிரைவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பலர் காசு செலவழித்து பாலிஷ் போடுவதற்குக் காரணமே தப்பான டிரைவ்.

யூஎஸ்பி ஸ்லிம் டிரைவ் பழுதான சிடிக்கு ஏற்றதல்ல. போர்ட்டிலிருந்து வரும் கரண்டிலேயே ஓடுகிறது, தடம் தவறினால் திரும்பப் பிடிக்கத் திணறும். பழைய டெஸ்க்டாப்பில் இருந்த 5.25 அங்குல சாட்டா டிவிடி ரைட்டர் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். அதோடு 12 வோல்ட் அடாப்டர் சேர்ந்து வரும் சாட்டா-யூஎஸ்பி கன்வெர்ட்டர் வேண்டும். 12 வோல்ட் இல்லாத, வெறும் கேபிள் மட்டும் உள்ள கன்வெர்ட்டர் 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க்குக்கானது, இதை ஓட்டாது. முடிந்தால் வேறு வேறு கம்பெனி டிரைவ் இரண்டு மூன்று சேருங்கள். ஒன்று படிக்காத செக்டரை (தரவு எழுதியிருக்கும் சிறு துண்டை) இன்னொன்று சர்வ சாதாரணமாகப் படிக்கும்.

வாங்கும்வரை ஸ்லிம் டிரைவின் லென்ஸையாவது துடையுங்கள். தட்டை வெளியே இழுத்தால் லென்ஸ் அப்படியே கண்ணில் படும். காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஒரு துளி ஐசோபுரொபைல், அழுத்தாமல் ஒரு சுற்று.

இனி போட்டோ சிடி. அதில் போட்டோக்களே போயிருக்க வாய்ப்பு குறைவு. ஃபைல் பட்டியல் இருக்கும் இடம் 16ஆம் செக்டரில் தொடங்குகிறது, அதாவது தரவுப் பகுதியின் உள்விளிம்பிலேயே. உங்கள் கீறல்களும் அங்கேதான். உள்ளே முதல் 1 மில்லிமீட்டர் அகலத்தில் மட்டும் 6,000க்கு மேல் செக்டர்கள், ஏறக்குறைய 13 எம்பி. பட்டியல் கிடைக்காததால் விண்டோஸ் ‘காலி’ என்கிறது. பின்னால் இருக்கும் 600 எம்பி நன்றாகவே இருக்கலாம்.

எனவே ஃபைலாகக் காப்பி எடுக்காமல் முழு சிடியையும் செக்டர் செக்டராக ஒரு இமேஜ், அதாவது சிடியின் அச்சு நகலாக ஒரே ஃபைல், ஆக்க வேண்டும். அதற்கு லினக்ஸில் க்னூ டிடிரெஸ்க்யூ என்ற மீட்புப் புரோகிராம். உபுண்டுவை பென் டிரைவிலிருந்து லைவ்வாக ஓட்டினாலே போதும், விண்டோஸைத் தொட வேண்டாம். உபுண்டுவில் பேக்கேஜின் பெயர் ஜிடிடிரெஸ்க்யூ, முன்னால் ஒரு ஜி உண்டு. டிடி, ரெஸ்க்யூ இரண்டுக்கும் நடுவே கீழ்க்கோடு போட்ட இன்னொரு புரோகிராம் இருக்கிறது, அது வேறு ஆள். சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லைவ் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ ஏற்கெனவே இருக்கும்.

கவனிக்க வேண்டிய ஒன்று: லைவ்வில் ஹோம் ஃபோல்டர் இருப்பது ராமில். இமேஜை அங்கே எழுதினால் ராம் நிரம்பும், ஆஃப் செய்ததும் எல்லாம் காற்றில் போகும். வெளி ஹார்ட் டிஸ்க்கில் எழுதுங்கள்.

வேலை இப்படிப் போகும். ஆப்ஷன் எழுத்துகளை உச்சரிப்பில் தருகிறேன், ‘பெரிய’ என்று சொல்லாதவை எல்லாம் சின்ன எழுத்து.

சிடியைப் போட்டதும் தானாக மவுண்ட் ஆனால், அதாவது ஃபோல்டராகத் திறந்துகொண்டால், அன்மவுண்ட் செய்யுங்கள். அடுத்து வேகத்தைக் குறையுங்கள்: எஜெக்ட் கட்டளையில் மைனஸ் எக்ஸ், மதிப்பு 4. 48 மடங்கு வேகத்தில் சிடி நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 10,000 சுற்று சுற்றுகிறது. அந்த வேகத்தில் சின்னக் கோணலும் பெரிய ஆட்டம். 4 மடங்கில் முழு சிடிக்கு 20 நிமிடம் ஆகும், ஆகட்டும். எல்லா டிரைவும் 4க்கு இறங்காது. அதற்கு எது குறைந்த வேகமோ அதில் நின்றுகொள்ளும்.

முதல் சுற்று: மைனஸ் என், மைனஸ் பி 2048, பிறகு டிவைஸ், இமேஜ் பெயர், மேப் ஃபைல் (எது படித்தாயிற்று, எது மிச்சம் என்ற குறிப்பு) பெயர். மைனஸ் என் கொடுத்தால் மோசமான இடத்தைக் குடையாமல் தாண்டிப் போகும். நல்ல பகுதி முழுவதும் முதலில் பத்திரமாக வந்துவிடும்.

இரண்டாம் சுற்று: மைனஸ் என்னை எடுத்துவிட்டு மைனஸ் டி, மைனஸ் ஆர் 1. மற்றதெல்லாம் அதேதான், இமேஜும் மேப் ஃபைலும் அதே பெயரில். டி கொடுத்தால் கெர்னலின் கேஷை (லினக்ஸ் முன்பே படித்து நினைவில் வைத்திருப்பதை) தவிர்த்து நேராக டிரைவிலிருந்து படிக்கும். ஆர் 1 என்றால் விட்டுப்போன இடங்களில் இன்னும் ஒருமுறை.

மூன்றாவது: பெரிய ஆர். இது பின்னாலிருந்து முன்னால் வரும். கீறலுக்குள் நுழையும்போது தடத்தைத் தவறவிடும் டிரைவ், மறுபுறம் போய் இறங்கினால் அங்கிருக்கும் செக்டர்களைப் பிடித்துவிடுவது உண்டு. வட்டக் கீறலுக்கு இதைக் கட்டாயம் செய்து பாருங்கள்.

பிறகு சிடியை அடுத்த டிரைவில் போட்டு, அதே மேப் ஃபைலோடு தொடருங்கள். விட்டுப்போனதை மட்டும்தான் முயலும். மேப் ஃபைலை அழித்துவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. சொந்தக்காரர் வீட்டில் அதே சிடியின் இன்னொரு காப்பி இருந்தால், ஒரே இமேஜிலிருந்து எழுதியதாக இருக்கும் பட்சத்தில், அதையும் இதே மேப் ஃபைலோடு ஓட்டலாம். இரண்டிலும் கீறல் ஒரே இடத்தில் இருக்க வாய்ப்பே இல்லை. ஆரம்பத்தில் இரண்டு சிடியின் மொத்த அளவும் பைட் பிசகாமல் ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இமேஜ் கையில் வந்ததும் மவுண்ட் ஆகிறதா பாருங்கள். ஆகவில்லை என்றால் ஃபோட்டோரெக், டெஸ்ட்டிஸ்க் பேக்கேஜோடு வருவது. அது பட்டியலை நம்பாமல் ஜேபெக் தொடங்கும் அடையாளத்தைத் தேடிப் படங்களை எடுக்கும். சிடியில் ஒவ்வொரு ஃபைலும் துண்டாகாமல் ஒரே தொடர்ச்சியாக இருப்பதால், ஹார்ட் டிஸ்க்கைவிட இதில் பலன் மிக நன்றாக இருக்கும். ஃபைல் பெயர்கள் மட்டும் போய்விடும். எடுத்த தேதி படத்துக்குள்ளேயே எக்ஸிஃபில் இருக்கிறது, அதை வைத்து வரிசைப்படுத்திக்கொள்ளலாம்.

---

டேட்ஃபைல்:

விசிடிக்கு மேலே சொன்ன டிடிரெஸ்க்யூ வழி வேலைக்கு ஆகாது. தெரியாமல் ஓட்டினால் நல்ல விசிடியிலும் வீடியோ பகுதி முழுக்கப் பிழை என்றுதான் காட்டும். கூடல்நகர் அதைப் பார்த்து சிடி செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

சிடியின் ஒரு செக்டர் மொத்தம் 2352 பைட். சாதாரண டேட்டா சிடியில் அதில் 2048தான் நமக்கு. மிச்சத்தில் 276 பைட் கூடுதல் பிழை திருத்தத்துக்குப் போகிறது. விசிடி கண்டுபிடித்தவர்கள் 74 நிமிடப் படம் கொள்ள வேண்டும் என்பதற்காக அந்தக் காவலைக் கழற்றிவிட்டு 2324 பைட்டையும் வீடியோவுக்கே கொடுத்தார்கள். லினக்ஸ் சிடியை 2048 கணக்கில் கேட்கிறது. விசிடியின் வீடியோ தடத்தில் அந்தக் கணக்கு செல்லாது. செக்டரை முழுசாக, ராவாகப் படிக்கும் புரோகிராம்தான் வேண்டும்.

இந்தக் காவல் இல்லாததால்தான் ஒரே மாதிரிக் கீறலுக்கு விசிடி முதலில் மண்டையைப் போடுகிறது. ஆனால் இழப்பின் விளைவு இதில் குறைவு. ஒரு செக்டர் போனால் நொடியில் 75இல் ஒரு பங்கு. படம் கெடுவது அடுத்த முழு ஃபிரேம் வரும்வரை, பெரும்பாலும் அரை நொடி சொச்சம். 200 செக்டர் சேர்ந்தாற்போல் போனாலும் மூன்று நொடி கட்டம் கட்டமாக வந்துவிட்டு மறுபடி தெளிவாகிவிடும். காப்பி நிற்பதற்குக் காரணம் விண்டோஸின் பிடிவாதம். முதல் பிழையிலேயே முழு ஃபைலையும் கைவிடுகிறது.

விண்டோஸிலேயே செய்யலாம்: ஐசோபஸ்டர் என்ற புரோகிராம். சில வசதிகளுக்குக் காசு கட்ட வேண்டும், ஆனால் கல்யாண விசிடிக்கு என்று அளவெடுத்ததுபோல் ஒரு வேலை அதில் இருக்கிறது. டேட் ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து, எக்ஸ்ட்ராக்ட் பட்டியலில் எம்2எஃப்2 எம்பெக் ஃபிரேம்களை மட்டும் வடிகட்டி எடுப்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் காட்டும் டேட் ஃபைல் உண்மையில் 2352 பைட் செக்டர்களை அப்படியே அடுக்கி, மேலே ஒரு ஹெட்டர் வைத்த மூட்டை. இந்த ஆப்ஷன் அந்த உறையை உரித்துச் சுத்தமான எம்பெக் கொடுக்கும். உங்கள் 58 நிமிடத்துக்கு 2,61,000 செக்டர், 2324ஆல் பெருக்கினால் 60 கோடியே 65 லட்சம் பைட் சொச்சம். வெளிவரும் ஃபைல் ஏறக்குறைய இந்த அளவு இருந்தால் முழுசாக வந்துவிட்டது என்று அர்த்தம்.

பிழை செக்டர் வரும்போது என்ன செய்ய என்று கேட்கும். முதலில் சிலமுறை திரும்பப் படிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் அந்த இடத்தைப் பூஜ்யத்தால் நிரப்பச் சொல்லுங்கள், விட்டுவிடச் சொல்லாதீர்கள். நிரப்பினால் செக்டர் எண்ணிக்கை மாறாது. அதனால் பின்னால் வேறு டிரைவில் எடுத்த இன்னொரு காப்பியோடு ஒப்பிட்டு, அதில் நன்றாக இருக்கும் பகுதியை இதில் ஒட்ட முடியும்.

ஸ்டிக்கர் சிடி என்பதால் வேகம் இன்னும் முக்கியம். காகிதம் ஒரு பக்கம் உப்பியிருந்தால் எடை சமமாக இருக்காது, அதிக வேகத்தில் டிரைவே அதிரும். நீரோ டிரைவ்ஸ்பீட் போன்ற ஏதாவது ஒன்றில் 4 அல்லது 8க்கு இறக்குங்கள்.

கிடைத்த எம்பெக்கை விஎல்சியில் ஓட்டிப் பாருங்கள். நேரக் காட்டி குதித்தால் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் புரோகிராமில் கோடெக் காப்பி ஆப்ஷனோடு புது எம்பெக் ஃபைலாக மாற்றி அடுக்கினால் போதும். எச்டி ஆக்கித் தருகிறேன் என்று யாரிடமாவது கொடுத்தால் 352க்கு 288 படம் பெரிதாகுமே தவிரத் தெளிவாகாது. மூல ஃபைலை அப்படியே வைத்துக்கொண்டு, பகிர்வதற்கு மட்டும் வேறு ஃபார்மட்டில் ஒரு நகல் போடுங்கள்.

---

வாட்டர்பேப்பர்:

இவ்வளவும் செய்த பிறகு மீதி இருக்கும் கீறலுக்குத்தான் என் வேலை. பேஸ்ட், எண்ணெய், வாழைப்பழம் மூன்றையும் பற்றி முதலில்.

எண்ணெயும் வாசலினும் கீறலை நிரப்புகின்றன. அவற்றின் ஒளிவிலகல் காற்றைவிட பிளாஸ்டிக்குக்குப் பக்கத்தில் இருப்பதால் லேசர் குறைவாகச் சிதறும். கொள்கை சரிதான். ஆனால் சுற்றும் வேகத்தில் எண்ணெய் தெறித்து லென்ஸில் படிந்தால் சிடியோடு டிரைவும் போச்சு. வாசலினை விரல் நுனி அளவு தடவி, துணியால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் துடைத்துவிட்டு, 4 மடங்கு வேகத்தில், வேண்டாத பழைய டிரைவில் ஒரே ஒரு முறை ஓட்டலாம். அவசர வழி, அவ்வளவுதான். வாழைப்பழம் இதே வேலையை அழுக்காகச் செய்கிறது.

வெள்ளை பேஸ்ட்டில் சுண்ணாம்புத்தூளோ சிலிக்காவோ இருக்கிறது, அது தேய்க்கத்தான் செய்யும். ஆனால் துகள் அளவு பாலிஷுக்கு என்று தேர்ந்தெடுத்தது அல்ல. ஒரு கீறலை எடுத்துவிட்டு இடம் முழுக்க மங்கலை விட்டுப்போகும். பெயின்ட் கடையில் காருக்கு விற்கும் ரப்பிங் காம்பவுண்ட், அதற்குப் பிறகு பிளாஸ்டிக் பாலிஷ், இந்த ஜோடிதான் சரி. பித்தளை விளக்கும் பிராஸோவைச் சிலர் சொல்வார்கள். அதில் அம்மோனியா உண்டு, பாலிகார்பனேட்டுக்கு அம்மோனியா ஆகாது. என் ஓட்டு அதற்கு இல்லை.

செய்யும் முறை: மேசையில் சுத்தமான மெத்தென்ற துணியை நான்காக மடித்துப் போட்டு, அதன் மேல் லேபிள் பக்கம் கீழே இருக்கும்படி சிடியை வையுங்கள். துணியில் ஒரு மணல் துகள் இருந்தாலும் நீங்கள் மேலே அழுத்தும்போது அது கீழே உலோகப் பூச்சில் இறங்கும். பட்டாணி அளவு காம்பவுண்டை ஈரத் துணியில் எடுத்து, கீறல் இருக்கும் இடத்தைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும், நடுவிலிருந்து விளிம்பு, விளிம்பிலிருந்து நடு என்று நேர்கோட்டில் தேயுங்கள். வட்டமாகத் தேய்த்தால் தேய்ப்பினால் வரும் நுண்கீறல்களும் தடத்தோடு ஓடும். பதினைந்து இருபது இழுப்புக்கு ஒருமுறை துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். கீறல் முழுசாக மறைய வேண்டியதில்லை, அதன் கூர்மையான ஓரங்கள் மழுங்கினாலே லேசர் உள்ளே போகும். கடைசியில் பிளாஸ்டிக் பாலிஷ் போட்டு, காம்பவுண்ட் துளியும் மிஞ்சாமல் துடைத்து, காய்ந்த பிறகுதான் டிரைவில் போட வேண்டும்.

நகம் தட்டும் கீறலுக்குக் காம்பவுண்ட் மட்டும் போதாமல் போகலாம். அப்போது 2000 நம்பர் வாட்டர் பேப்பர், தண்ணீர் தொட்டு, அதே நேர்கோட்டில், மெதுவாக. இடம் முழுக்கப் பால்போல் மங்கும், பயப்பட வேண்டாம். பிறகு காம்பவுண்ட், பிறகு பாலிஷ். மரவேலைக்கு வைத்திருக்கும் சாதா உப்புத்தாளை எடுக்காதீர்கள். ஒரே இடத்தில் பள்ளம் விழும்படி தேய்த்தால் லேசர் குவியும் இடமே மாறிவிடும், அதனால் சுற்றிலும் சரிவாகப் பரப்பித் தேயுங்கள்.

விசிடியில் ஸ்டிக்கர் இருப்பது இந்த வேலைக்கு மட்டும் ஒரு வசதி, மேல்பக்கத்துக்கு மெத்தைபோல் இருக்கும். ஆனால் தண்ணீர் ஓரம் வழியாக ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

ராகதேவி:

இடையில் ஒரு கேள்வி. சினிமாப் பாட்டு ஆடியோ சிடிக்கும் இதே முறைதானா? பிளேயரில் ஓடுகிறது, கம்ப்யூட்டரில் ஃபைலாக ரிப் செய்தால் டிக் டிக் சத்தம்.

---

டேட்ஃபைல்:

சுத்தமும் பாலிஷும் அதேதான். சாஃப்ட்வேர் வேறு. ஆடியோ சிடியிலும் அந்தக் கூடுதல் திருத்தக் காவல் கிடையாது. திருத்த முடியாத இடத்தில் பிளேயர் முன்னும் பின்னும் இருக்கும் ஒலியளவை வைத்து நடுவில் ஊகித்து நிரப்பிவிடுகிறது, அதனால் காதுக்குத் தெரிவதில்லை. விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, செக்யூர் மோடில். லினக்ஸில் சிடிபாரனோயா. இரண்டும் திரும்பத் திரும்பப் படித்து ஒத்துப்பார்க்கும். டிரைவ் கேஷில் இருந்ததையே மறுபடி கொடுத்து ஏமாற்றாமலிருக்க, கேஷ் பற்றிய செட்டிங்கை முதலில் டிடெக்ட் செய்யச் சொல்லுங்கள்.

உங்கள் சிடி கடையில் வாங்கிய ஒரிஜினல் என்றால் க்யூடூல்ஸையும் முயலுங்கள். அதே பதிப்பை வேறு யாராவது ரிப் செய்து அதன் டேட்டாபேஸில் ஏற்றியிருந்தால், அங்கே இருக்கும் திருத்தத் தகவலை வைத்து உங்கள் ரிப்பில் உள்ள சிறு பிழைகளைச் சரிசெய்துவிடும். தமிழ்ப் பட சிடி அதில் இருப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

---

கூடல்நகர்:

எல்லோருக்கும் நன்றி. விசிடியில் கீறல் சொன்ன இடத்திலேயே இருக்கிறது. ஐசோபஸ்டரில் பூஜ்யம் நிரப்பி எடுத்ததில் தாலி கட்டும் இடம் தப்பித்தது, சாப்பாட்டுப் பந்தியில் சில நொடி மட்டும் சிதறுகிறது. பாலிஷ் போடும் எண்ணத்தை விட்டுவிட்டேன்.

போட்டோ சிடியைப் பழைய டெஸ்க்டாப் டிரைவில் போட்டதும் அடையாளம் கண்டுகொண்டது. டிடிரெஸ்க்யூ எல்லாச் சுற்றும் முடிந்து மிச்சம் இரண்டு இடம். ஆரம்பத்தில் 38,912 பைட், சிடியின் கடைசியில் 4,096 பைட். இமேஜ் மவுண்ட் ஆகிறது. ஆனால் ‘ரிசப்ஷன்’ என்ற ஃபோல்டரைத் திறந்தால் பிழை. மற்ற ஃபோல்டர்கள் திறக்கின்றன. கடைசி 4,096ஐ எந்த டிரைவும் படிக்கவில்லை. அங்கே கீறலே இல்லை. என்ன செய்வது?

---

செக்டர்16:

கடைசி 4,096ஐ விட்டுவிடுங்கள், அது பழுதே அல்ல. 2048 வீதம் இரண்டு செக்டர். சிடியை ‘ட்ராக் அட் ஒன்ஸ்’ முறையில் எழுதினால் தடத்தின் முடிவில் லேசரை அணைக்கும்போது இரண்டு வெற்று செக்டர் மிஞ்சும், அவற்றைப் படிக்க முடியாது. ஃபைல் எதுவும் அதில் இருக்காது.

ஆரம்பத்து 38,912 என்பது 19 செக்டர். அதில் ரிசப்ஷன் ஃபோல்டரின் பட்டியல் மாட்டிக்கொண்டிருக்கிறது. படங்கள் பின்னால் பத்திரமாக இருக்கும். ஸ்டுடியோ விண்டோஸில் எழுதியிருந்தால் சிடியில் பட்டியல் இரண்டு உண்டு: நீளப் பெயர்களோடு ஜோலியட், பழைய குட்டைப் பெயர்களோடு ஐஎஸ்ஓ 9660. இரண்டும் தனித்தனி செக்டர்களில் இருப்பவை. லினக்ஸ் ஜோலியட் இருந்தால் அதைத்தான் காட்டும். இமேஜை அன்மவுண்ட் செய்துவிட்டு, மவுண்ட் கட்டளையில் மைனஸ் ஓ கொடுத்து ‘நோஜோலியட்’ என்று இடைவெளி இல்லாமல் சேர்த்து மறுபடி மவுண்ட் செய்யுங்கள். பெயர்கள் எட்டு எழுத்துக்குச் சுருங்கித் தெரியும், ஆனால் ரிசப்ஷன் திறந்துவிடலாம். அந்தப் பட்டியலும் அதே 19க்குள் போயிருந்தால் ஃபோட்டோரெக்கை இமேஜின் மேல் ஓட்டி, தேதியும் மணியும் பார்த்து ரிசப்ஷன் படங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. திறக்கும் மற்ற ஃபோல்டர்களில் ஏதாவது ஒரு படம் அந்த 19 செக்டரில் பட்டிருக்கலாம். இமேஜுக்கு ஒரு நகல் எடுத்து, அந்த நகலில் டிடிரெஸ்க்யூவின் ஃபில் மோட் கொண்டு விட்டுப்போன இடங்களில் மட்டும் ஏதாவது ஒரு அடையாளச் சொல்லை நிரப்புங்கள், மேப் ஃபைல் அதற்கும் வேண்டும். பிறகு நகலை மவுண்ட் செய்து கிரெப் என்ற தேடும் கட்டளையில் அந்தச் சொல்லைத் தேடினால் எந்த ஃபைலில் இருக்கிறதோ அதுதான் கெட்டது. அப்படிப்பட்ட ஜேபெக்கில் பிழை விழுந்த வரிக்குக் கீழே நிறம் மாறியோ சாம்பலாகவோ தெரியும், மேலே உள்ள பகுதி நன்றாக இருக்கும்.